துறைத்தலைவர் ஆகிவிட்டீர்கள், எந்தப் பயிற்சிக்குப் போவது?

நல்ல ஆய்வாளர், வகுப்பும் நன்றாக எடுப்பார், பணிமூப்பும் வந்துவிட்டது, ஆகவே அடுத்த மாதத்திலிருந்து அவர்தான் துறைத்தலைவர். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அதுவரை அவர் ஒரு பட்ஜெட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். நேற்றுவரை பக்கத்து அறையில் இருந்தவரை உட்காரவைத்து "உங்கள் வகுப்பைப் பற்றி மாணவர்கள் புகார் சொல்கிறார்கள்" என்று பேசியிருக்கவும் மாட்டார். ஆறு மாதம் கழித்து ஆள் திணறுகிறார் என்று தெரிந்த பிறகுதான் ஏதாவது தலைமைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்ற பேச்சே வரும். சரி, எதற்கு அனுப்புவது? பெரிய வழிகள் மூன்று, மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, வெளியே போய்த் தங்கிப் படிக்கும் குறுகிய காலப் பயிற்சி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கல்விப் பள்ளி துறைத்தலைவர்களுக்கும் டீன்களுக்கும் நீண்ட காலமாக நடத்திவந்த மேலாண்மை மேம்பாட்டுத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு பல்கலைக்கழகத்தில் எழுந்த சிக்கலை அப்படியே கையில் கொடுத்து, நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று விவாதிக்க வைப்பார்கள். இதில் கிடைக்கும் பெரிய லாபம் பாடத்தைவிடப் பக்கத்தில் உட்காருபவர்தான். முன்பின் தெரியாத ஊரிலிருந்து வந்த ஒருவர் உங்கள் துறையின் சண்டையை அச்சு அசலாகச் சொல்லும்போது, இது நம் கையாலாகாத்தனத்தால் வந்ததில்லை, இந்த வேலையே இப்படித்தான் என்று புரியும். அந்த நிம்மதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆனால் இந்த வகைப் பயிற்சிகளில், அதிலும் நிறுவன மேலாளர்களுக்கான பாடத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கும் இடங்களில், ஒரு அடிப்படையான ஓட்டை இருக்கிறது. கம்பெனியில் மேலாளர் மேலாளராகவே இருப்பார் அல்லது இன்னும் மேலே போவார். துறைத்தலைவர் பல இடங்களில் மூன்று நான்கு ஆண்டுகளில் திரும்பவும் சக ஆசிரியர் ஆகிவிடுவார், இன்று அவர் கண்டிக்கும் ஆளே நாளை அவருக்குத் தலைவராகவும் வரலாம். பணி நிரந்தரம் உள்ள ஒரு பேராசிரியரிடம் உத்தரவு போட்டு எதையும் சாதிக்க முடியாது, பேசிப் பேசித்தான் நகர்த்த வேண்டும், பேசியதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் இருபது ஆண்டுகள் அதே தாழ்வாரத்தில் அவரோடு நடக்கவும் வேண்டும். இந்தக் கடன் வாங்கிய அதிகாரத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தராத பயிற்சி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. இன்னொன்று, போனவர் ஒருவர்தான், திரும்பி வரும் இடத்தில் மற்ற எல்லோரும் பழையபடியே இருக்கிறார்கள். குறிப்பேடு நிறைய யோசனைகளோடு வந்தவர் இரண்டே வாரத்தில் கோப்புகளுக்குள் மூழ்கிவிடுவார்.

இரண்டாவது வழி, செயல்படும் ஒரு தலைவரின் பக்கத்திலேயே இருந்து கற்பது. அமெரிக்கக் கல்விக் கவுன்சில் 1965 முதல் நடத்திவரும் ஃபெல்லோஸ் திட்டம் இந்த வகையில் முன்னோடி. சொந்தப் பல்கலைக்கழகத் தலைமை ஒருவரைப் பரிந்துரைக்கும், அவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதன் தலைவரோடும் மூத்த நிர்வாகிகளோடும் இருந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். முடிவுகள் அறிவிப்பாக எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிடும், அந்த முடிவுக்கு முந்தைய தயக்கத்தை வெளியே இருப்பவர்கள் பார்க்கவே முடியாது. எந்தக் கேள்விக்கு அன்றே பதில் சொல்கிறார், எதைத் தள்ளிப்போடுகிறார், யாரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு வந்தார் என்பதையெல்லாம் எந்த வகுப்பறையிலும் காட்ட முடியாது. கற்றலின் ஆழத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

விலையும் அதற்கேற்ப இருக்கிறது. ஒருவரை மாதக்கணக்கில் விடுவிக்க வேண்டும், சம்பளத்தைப் பெரும்பாலும் அனுப்பும் நிறுவனமே கொடுக்கும், ஆண்டுக்கு ஒருவர் இருவருக்கு மேல் அனுப்ப முடியாது. முடித்தவர்களில் நிறையப் பேர் உயர்பதவிகளுக்குப் போயிருக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே மேலே போகக்கூடியவர் என்று பார்த்துப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் அவர்கள், அதனால் அந்த வெற்றியை முழுக்கப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. திரும்பி வருபவருக்குத் தகுந்த பொறுப்பைத் தயாராக வைத்திருக்காத பல்கலைக்கழகம் அவரை இன்னொரு பல்கலைக்கழகத்துக்காகத் தயார் செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, சொந்த வளாகத்திலோ பக்கத்துப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு சேர்ந்தோ நடத்தும் குழுப் பயிற்சி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்த பிக் டென் கூட்டமைப்பின் கல்வித் தலைமைத் திட்டம் 1989 முதல் கூட்டாக நடக்கிறது. தனி வளாகம் என்றால் பத்துப் பதினைந்து பேர், மாதம் ஒருமுறை, ஒரு கல்வியாண்டு முழுக்க. இதன் பலம் ரொம்பச் சாதாரணமானது: பேசப்படுவது உங்கள் வளாகத்தின் உண்மையான விதி, உண்மையான பணம். ஆண்டு முடியும்போது வேதியியல் துறைத்தலைவருக்கு வரலாற்றுத் துறைத்தலைவரை எந்த நேரத்திலும் கூப்பிட்டுக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது, அந்த உறவு பயிற்சி முடிந்த பிறகும் வேலை செய்யும்.

கெட்டுப்போவதும் சுலபம். டீன் வந்து உட்கார்ந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். படிவம் நிரப்புவது, சுற்றறிக்கை படிப்பது என்று இறங்கிவிட்டால் அது தலைமைப் பயிற்சியாக மிஞ்சாது. நான் இருந்த ஒரு குழுவில் முதல் நாள் மனம்விட்டுச் சொன்ன விஷயம் மூன்றாம் நாள் மேலிடத்துக்குப் போய்விட்டது, அதற்கப்புறம் அந்த ஆண்டு முழுக்க எல்லோரும் வானிலையைப் பற்றித்தான் பேசினார்கள். இதை நடத்துபவர் வெளியாளாக இருக்க வேண்டும், அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக் கூடாது.

இரண்டு வழிகளைக் கலந்த திட்டங்களும் உண்டு, அவற்றில் சில பெண்களுக்காகவே தொடங்கப்பட்டவை. கல்விசார் மருத்துவத்தில் பெண் தலைவர்களை உருவாக்க 1995 முதல் இயங்கும் எலாம் (ELAM) என்ற திட்டம், இப்போது அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பங்கேற்பவர் வெளியே படித்துக்கொண்டே சொந்தக் கல்லூரியில் ஒரு செயல்திட்டத்தை டீனோடு கலந்து நடத்த வேண்டும். பிரிட்டனில் 2013-இல் தொடங்கிய அரோரா என்ற திட்டத்தில் சொந்த நிறுவனத்திலேயே ஒரு வழிகாட்டியையும் வைத்துக்கொள்கிறார்கள். கற்றது வீடு வந்து சேர இப்படி ஒரு கயிறு கட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆண்கள் போகும் திட்டங்களும் இதைக் கடன் வாங்கலாம்.

ஒரு தலைவருக்கு ஒருவர் தனியாக வழிகாட்டும் கோச்சிங் பற்றி ஒரே வரி: நல்ல ஆள் கிடைத்தால் பிரமாதம், ஆனால் இதை மட்டும் நம்பினால் ஒருவர் தேறுவார், துறை தேறாது.

என் தேர்வு என்ன? புதிய துறைத்தலைவருக்கு வளாகக் குழுதான், அதுவும் பதவியேற்கும் முன்பே. டீனுக்கு வெளிப் பயிற்சி, ஆனால் பதவியில் ஓராண்டு அடிபட்ட பிறகு, முடிந்தால் ஒரே நிறுவனத்திலிருந்து இருவராக. துணைவேந்தர் நாற்காலி வரை போக நினைப்பவர் ஓராண்டை ஒதுக்கி இன்னொரு தலைவரின் பக்கத்தில் இருக்கட்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் துறைத்தலைவர்களுக்கே செலவழியுங்கள், மாணவரும் ஆசிரியரும் தினமும் முட்டிமோதும் இடம் அதுதான். அந்தக் குழுவில் பதிவாளர் அலுவலகத்திலிருந்தும் நிதிப் பிரிவிலிருந்தும் இரண்டிரண்டு பேரைச் சேர்த்து, முதல் சந்திப்பிலேயே ஒரு துறையின் உண்மையான பட்ஜெட்டை மேசையில் வைத்து எல்லோரும் ஒன்றாகப் படியுங்கள்.