அமெரிக்கன் ஹேசல்நட்: செடி நமக்கு, காய் அணிலுக்கு

நர்சரிகளில் இலையுதிர்காலத் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், நாட்டு ஹேசல்நட் (அமெரிக்க மண்ணுக்கே உரிய கொட்டைப் புதர்) கன்று ஒன்று வாங்கி வைக்கலாமா என்று ஒஹையோ நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றுதான் என்றால் வேண்டவே வேண்டாம். இந்தச் செடிக்குத் தன் மகரந்தம் தனக்கே ஆகாது. இரண்டு வேண்டும், அவையும் தனித்தனி விதையில் முளைத்தவையாக இருக்க வேண்டும். ‘விங்க்ளர்’ என்று ரகப்பெயர் போட்ட கன்றுகளில் இரண்டை வாங்கி நட்டால் இரண்டும் ஒரே செடியின் நகல், காய் பிடிக்காது. அடியில் கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்து வேறு மூலையில் வைத்தாலும் அதே கதிதான். கடைக்காரர்கள் இதை அட்டையில் எழுதுவதில்லை.

செடியைப் பொறுத்தவரை குறை சொல்ல மனசு வரவில்லை. ஐரோப்பிய ஹேசல்நட்டைக் கொன்றே போடும் ‘ஈஸ்டர்ன் ஃபில்பர்ட் பிளைட்’ பூஞ்சை இந்தச் செடியோடு காலம் காலமாக வாழ்ந்து வந்ததுதான். வந்தாலும் பெரும்பாலும் தண்டில் சின்னச் சின்னப் புண்ணோடு நின்றுவிடும். களிமண்ணும் பரவாயில்லை, தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. ஆறு மணி நேர வெயில், செடிக்குச் செடி எட்டு முதல் பத்து அடி, மூன்று அங்குல மரத்தூள் மூடாக்கு. முதல் வருடம் உரமே வேண்டாம். மார்ச்சில் கிட்டப் போய்ப் பாருங்கள்: குளிர்காலம் முழுக்க விறைத்துத் தொங்கிய ஆண் பூச்சரங்கள் மஞ்சளாக நீண்டிருக்கும், பெண் பூ என்பது மொட்டு நுனியில் எட்டிப் பார்க்கும் நாலைந்து சிவப்பு நூல், அவ்வளவுதான். மகரந்தம் சேர்ப்பது காற்று. தேனீயை எதிர்பார்க்க வேண்டாம்.

பக்கக்கன்றுத் தொல்லை உண்டு. ஓரத்தில் புல்வெட்டியை ஓட்டினால் அடங்கிவிடும். குளிர்காலக் கடைசியில் ரொம்ப முற்றிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு வெட்டினால் புதர் இளமையாகவே இருக்கும்.

விதைக்கன்று மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். எரிச்சலும் அப்போதுதான் ஆரம்பம். நம்மூர் முக்கோட்டு அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்குள்ள சாம்பல் அணில் அரைக் கிலோ கனக்கும். கொட்டை பழுத்து உதிரும் வரை அது காத்திருக்காது. பால் பிடித்த நிலையிலேயே கடித்துப் பார்த்துத் துப்பும். பெக்கான் கொட்டை மரம் போல ஒற்றை அடிமரம் இருந்தால் அணில் ஏறாமல் தகடு சுற்றலாம். தரையிலிருந்து பத்துத் தண்டு கிளம்பும் புதருக்கு எங்கே சுற்றுவது? பிளாஸ்டிக் வலையைக் கடித்து அறுத்துவிடும், நடுவில் குருவி மாட்டிக்கொண்டு சாகும். கீழே அணில் என்றால் மேலே புளூ ஜே பறவை.

ஆகவே முந்திக்கொள்வது ஒன்றே வழி. ஆகஸ்ட் நடுவிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். கிழிந்த இலை போன்ற மேலுறையின் விளிம்பு பழுப்பாகும்போது உறையை விலக்கிக் கொட்டையை விரலால் திருகுங்கள். அடி வெளுத்து, ஒட்டிக்கொண்டு சுழல மறுத்தால் பிஞ்சு. உறைக்குள்ளேயே சுழன்று, அடிப்பக்கம் பழுப்பேறியிருந்தால் அன்றே கொத்தோடு பறித்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் நாளைக்கு இருக்காது.

பறித்தாலும் வேலை முடிவதில்லை. கடையில் விற்கும் ரகங்கள் பலவற்றில் கொட்டை தானாகவே உறையைவிட்டு விழும். இதில் பிசின் போலக் கவ்விக்கொண்டிருக்கும். கம்பிவலைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, மின்விசிறி போட்டு, அணில் நுழையாத அறையில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டால் உறை நொறுங்கும். பிறகு சாக்கில் கட்டி மிதித்து, தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பது பொக்கு. ஓட்டில் வட்டத் துளை இருந்தால் வண்டுப்புழு தின்றுவிட்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். தேறியதை மறுபடி காயவைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது கெட்டி ஓட்டுக்குள் ஏறக்குறைய கொண்டைக்கடலை அளவுப் பருப்பு. ருசி கடைச் சரக்குக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, அதுதான் இன்னும் கடுப்பு. ஒரு வருடம் கொட்டித் தள்ளினால் மறு வருடம் கைவிரிக்கும்.

பெரிய கொட்டைதான் வேண்டுமென்றால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ராரிட்டன், மான்மத் போன்ற நோய் தாங்கும் ரகங்களைப் பாருங்கள். அவற்றுக்கும் ஜோடி வேண்டும். வேலிக்கு, பறவைக்கு, அக்டோபரில் சிவக்கும் இலைக்கு என்றால் நாட்டுச் செடிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். சாப்பிட என்றால் இந்த செப்டம்பரில் என் பதில் வேண்டாம் என்பதுதான். அப்படியும் வாங்குவதானால் மூன்றாக வாங்கி, ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் கம்பிவலை கட்டுங்கள். பனிக்காலத்தில் முயல் ஒன்றைக் கரும்பித் தின்றாலும் ஜோடி மிஞ்சும்.