கடவுச்சொல் காலாவதியா, கணக்குக் காலாவதியா?

லினக்ஸ் சர்வரில் ‘சேஜ்’ (chage) கட்டளை இரண்டு வகைக் காலாவதியை அமைக்கிறது. இரண்டும் ஒன்றென நினைத்துவிட்டால், வேலையை விட்டுப் போனவரின் கணக்கு திறந்தே கிடக்கும்.

‘சேஜ் -எம் 90’ (chage -M 90, பெரிய எழுத்து M) என்றால் கடவுச்சொல்லின் ஆயுள் 90 நாள். கடவுச்சொல் விவரங்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பில் (/etc/shadow) ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி; அதில் 5ஆவது புலத்தில், அதாவது 5ஆவது கட்டத்தில், இது பதிவாகும். கடைசியாக மாற்றிய நாளை 3ஆவது புலம் வைத்திருக்கிறது, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்கணக்காக. கெடு கடந்தாலும் கதவு அடைபடாது. பழைய கடவுச்சொல்லைக் கொடுத்தால் புதியதைக் கேட்கும். மாற்றியதும் மறுபடி 90 நாள். 7ஆவது புலத்தில் சலுகை நாட்களைக் குறித்திருந்தால்தான், அவை தீர்ந்தபின் உள்ளே விடாது.

கணக்கையே காலாவதியாக்கும் ‘சேஜ் -இ 2026-03-31’ (chage -E, பெரிய எழுத்து E) கறாரானது. 8ஆவது புலத்தில் உட்காரும். தேதி கடந்தால் சரியான கடவுச்சொல்லும் உதவாது, கடவுச்சொல் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியும் உதவாது. சர்வரின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர்தான் நீட்டிக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை இது வெளியேற்றாது.

ஒப்பந்த ஊழியர், பயிற்சி மாணவர் எவரானாலும் கணக்கைத் தொடங்கும் அன்றே இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். முதலாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். காரணமின்றிக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனமும் 2017இல் வழிகாட்டியது. கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் ‘சேஜ் -டி 0’ (chage -d 0, சிறிய எழுத்து d) போதும்; அடுத்த நுழைவிலேயே மாற்றவைக்கும்.