சென்னை–பெங்களூரு: விமானம் ஒரு மணி நேரம், தேவனஹள்ளி இரண்டு மணி நேரம்

அக்கா ஜெயநகரில் குடியேறியதிலிருந்து மாதம் ஒருமுறையாவது பெங்களூரு போய்வருகிறேன். முதல் ஐந்தாறு முறை விமானம். இப்போது விடிகாலை வந்தே பாரத்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 270 கி.மீ.தான். முழு வேகத்தில் பறந்தால் இருபது நிமிடம். ஆனால் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. ரயிலுக்கோ காட்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம் வழியாக சுமார் 360 கி.மீ. பெங்களூரு 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் கடைசிப் பகுதி ஏற்றம் வேறு. அப்படியும் காலை 5.50க்கு சென்ட்ரலில் கிளம்பினால் பத்தே காலுக்கெல்லாம் பெங்களூரு.

ஒன்றுக்கு நாலரை என்று பார்த்தால் போட்டியே இல்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

2008 வரை எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. அது இன்றும் பயணிகளுக்குத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். இப்போதைய விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியோ பெங்களூருவின் வடகோடிக்கும் அப்பால், ரயில் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக்கிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. ஜெயநகர் தெற்கே. எட்டு மணி விமானத்துக்குப் புரசைவாக்கத்தில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வர ஒன்பதரை. விமான நிலைய வாயு வஜ்ரா பஸ்ஸோ டாக்ஸியோ, அக்கா வீட்டு வாசலை மிதிக்கப் பதினொன்றே கால். ரயிலில் போனால் ஐந்தே காலுக்குக் கிளம்பி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ பிடித்து, பதினொன்றுக்கு முன்பே காபி. இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம்தான். ஆனால் ஒன்றில் வரிசை, வரிசை, மறுபடியும் வரிசை. மற்றதில் ஒரே இருக்கை, கையில் புத்தகம்.

திரும்பும்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும். மாலை விமானம் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிம்மதியாக உட்கார முடியாது. பெட்டி போடும் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். விமான நிலையம் போகும் வழியிலுள்ள ஹெப்பாள் மேம்பாலம் என்ன மனநிலையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரம் ஒதுக்கிக் கிளம்பிய ஒரு மழைநாளில், மேம்பாலத்துக்குக் கீழே டாக்ஸிக்குள் இருந்தபடியே விமானத்தைத் தவறவிட்டேன். டிக்கெட் பணம் போனதைவிட, "சீக்கிரம் கிளம்புடா என்று சொன்னேனே" என்று அக்கா தொலைபேசியில் சொன்னதுதான் வலித்தது.

ரயிலிலும் குறை உண்டு. வார இறுதி டிக்கெட்டை 60 நாள் முன்பே முன்பதிவு திறந்ததும் எடுக்காவிட்டால் காத்திருப்புப் பட்டியல்தான். நினைத்தவுடன் கிளம்புவதற்கு விமானமே கைகொடுக்கும். பெங்களூருவின் வடக்கே எலஹங்காவுக்கோ ஹெப்பாளுக்கோ போகிறவர், அதிலும் சென்னையில் விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம் பக்கம் குடியிருப்பவர், என் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு விமானத்திலேயே போகலாம்.

1964இலிருந்து ஓடும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகும். அவசரமில்லாத நாளுக்கு அது. இரவு பஸ்ஸில் ஒரே முறைதான் போனேன், தூக்கம் வரவில்லை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. அடுத்த மாதத்துக்கு ஜன்னலோர இருக்கை எடுத்தாயிற்று.