ஆறு மாசம்: ஒரு இடத்துல குறைஞ்சபட்சம், இன்னொரு இடத்துல அதிகபட்சம்

போதைக்கு அடிமையானவங்கள ஜெயிலுக்குப் பதிலா கோர்ட் ஆர்டர்ல உள்ள வச்சு குணப்படுத்தறேன்னு அமெரிக்காவுல 60கள்ல ரெண்டு திட்டம் வந்துச்சு, ஒண்ணு 1961ல கலிஃபோர்னியா மாநிலத்தோடது, இன்னொண்ணு 1966ல மத்திய அரசு கொண்டுவந்த நாரா (NARA), அதாவது போதைக்கு அடிமையானவங்க மறுவாழ்வுச் சட்டம்.

கலிஃபோர்னியாவுல நார்கோங்கற ஊர்ல வச்சிருந்தாங்க. ஒரு காலத்துல சொகுசு ஓட்டல், அப்புறம் கடற்படை ஆஸ்பத்திரியா இருந்த கட்டடம்தான், ஆனா நடத்துனது சிறைத்துறை, அதனால பேரு என்ன வச்சாலும் ஜெயில்தான்னு எனக்குத் தோணும். குறைஞ்சது ஆறு மாசம் உள்ள இருக்கணும், அதுக்கப்புறம் எப்ப விடறதுன்னு அவங்க முடிவு. பெரிய குற்றத்துல மாட்டி வந்தவருன்னா மொத்தக் கெடு 7 வருஷம். வெளிய வந்தாலும் நிம்மதி இல்ல, கண்ணு பாப்பாவ அளந்து, ஹெராயினுக்கு எதிரா வேலை செய்யற நாலின்ங்கற மருந்த ஊசியா போட்டு, மறுபடி அளப்பாங்க, விரிஞ்சிருந்தா ஹெராயின் எடுத்திருக்கான்னு சந்தேகம், திரும்ப நார்கோதான்.

நாராவுல கேஸ் எதுவும் இல்லாதவங்களுக்கான பிரிவுல கதையே தலைகீழ். அடிமையானவரே மனு போடலாம், சொந்தக்காரங்களும் போடலாம், ஆஸ்பத்திரில அதிகபட்சமே ஆறு மாசம், அப்புறம் 3 வருஷம் வரைக்கும் ஊர்லயே கண்காணிப்பு. அதுக்கு லெக்சிங்டன், ஃபோர்ட் வொர்த்துங்கற ஊர்கள்ல ரெண்டு அரசு ஆஸ்பத்திரி இருந்துச்சு. ஆனா முதல்ல பரிசோதிச்சுட்டு, இவரு தேறமாட்டாருன்னு நிறைய பேர திருப்பி அனுப்பிட்டாங்க, யாருக்கு அதிகமா தேவையோ அவங்களுக்கே கதவ சாத்துன மாதிரி.

என்னைக் கேட்டா உள்ள இருக்கற காலத்துக்கு நாராதான் நியாயம், ஆனா வெளிய வந்தவர விடாம பின்தொடர்ந்ததுல கலிஃபோர்னியா ஒரு படி மேல.