ஆயிரம் பார்ட்டிக்கு ஒரே சேதி: எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா, மெயிலா?

ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி, திருப்பூர் நூல் ஏஜென்ட், கோவையில் பம்ப் செய்து டீலர்களுக்கு அனுப்புகிறவர் என்று யாரிடம் மொத்த மெசேஜ் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வரும் கேள்வி, "ஒரு மெசேஜுக்கு எத்தனை காசுங்க?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதை இரண்டாவதாகக் கேட்கலாம். மெசேஜைப் பார்த்த பார்ட்டி, அதாவது நம்மிடம் வாங்குகிற வாடிக்கையாளர், பதில் அனுப்பினால் அது எங்கே வந்து விழும், யார் எடுப்பார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சோப்பு கம்பெனி லட்சம் பேருக்கு விளம்பரம் அனுப்பினால் யாரும் திருப்பிப் பேசப்போவதில்லை. கடைக்குக் கடை விற்கிற நம் வியாபாரம் வேறு மாதிரி. மாதத் தொடக்கத்தில் மில்கள் நூல் விலையைச் சொன்னதும் ஏஜென்ட் தன் பார்ட்டிகளுக்கு ரேட் தட்டிவிடுகிறார். அடுத்த நிமிடம், "ஏனுங்கண்ணா, 30 கோம்டு பத்து மூட்டை பழைய ரேட்டுக்கே போட்டுருங்க" என்று பதில் வர வேண்டும். அந்தப் பதிலில்தான் வியாபாரம் இருக்கிறது. பதில் வராத வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் ரேட் சொல்ல உதவாது. பாக்கி நினைவூட்டலுக்கோ பதிலே வேண்டாம், பணம் வந்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கைபேசியிலேயே இருக்கும் பிராட்காஸ்ட்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது. அதில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். பட்டியல்கள் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் தனக்கு மட்டும் வந்த மெசேஜ் மாதிரியே போய்ச் சேரும், பதிலும் உங்கள் கைபேசிக்கே வரும். முதலாளியே எடுத்து, "சரிங்க, போட்டுடறேன்" என்று முடித்துவிடலாம். நூறு, இருநூறு நிலையான பார்ட்டி வைத்திருக்கும் வியாபாரிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன்.

இதில் இருக்கும் கொக்கி ஒன்றுதான். உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். பதியாதவருக்குப் போகாது. அது உங்களுக்கு எரர் என்றும் காட்டாது. அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து உள்ளே போய், யார் யாருக்குச் சேர்ந்தது என்ற விவரத்தைப் பார்த்தால்தான் தெரியும். 250 பேர் பட்டியலில் 140 பேருக்குத்தான் சேர்ந்திருக்கிறது என்றால் மீதிப் பேர் உங்களை வெறுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, எண்ணைப் பதியவில்லை, அவ்வளவுதான். பில்லோடு சேர்த்து, "இந்த நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள், ரேட் இதில்தான் வரும்" என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

குழு தொடங்கலாமே என்பார்கள். 1,024 பேர் வரை சேர்க்கலாம், எண்ணைப் பதிந்திருக்கவும் தேவையில்லை. ஆனால் உங்கள் பார்ட்டி பட்டியல் முழுக்க எல்லார் கண்ணிலும் படும். போட்டிக் கடைக்காரரின் மச்சான் ஒருவர் உள்ளே இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் உங்கள் கஸ்டமர் லிஸ்ட் அங்கே போய்விடும். இன்னொரு தலைவலி, ஒருவர் குழுவிலேயே "போன தடவை எனக்கு ரெண்டு ரூபாய் குறைச்சீங்களே" என்று எழுதிவிட்டால் அன்றைக்கு முழுக்க எல்லாருக்கும் அதே ரேட்தான். வியாபாரத்துக்குக் குழு வேண்டாம். சேனல் என்பது 2023-இல் வந்தது, பின்தொடர்பவர் எண் பிறருக்குத் தெரியாது. ஆனால் அது ஒருவழிப் பாதை. தினசரி முட்டை விலை மாதிரி வெறும் அறிவிப்புக்குச் சரி.

காசு கட்டி ஓட்டும் வாட்ஸ்அப் ஏபிஐ

பார்ட்டி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் பிராட்காஸ்ட் பட்டியலை ஒவ்வொன்றாக அனுப்பியே கை ஓய்ந்துவிடும். அங்கேதான் ஏபிஐ, அதாவது கைபேசிச் செயலி இல்லாமல் கணினி மென்பொருள் வழியாக வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பும் இணைப்பு, வருகிறது. வாட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டாவிடமிருந்து நேரடியாகவோ, நடுவில் இருக்கும் கம்பெனி மூலமோ எடுக்கலாம். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். பார்ட்டி உங்கள் எண்ணைப் பதிந்திருக்க வேண்டியதில்லை, மெசேஜ் வாங்கச் சம்மதித்திருக்க வேண்டும். வாசகத்தை முன்கூட்டியே டெம்ப்ளேட்டாகக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

2025 ஜூலை முதல் இதன் கட்டணம் மெசேஜ் கணக்கில் வந்துவிட்டது. அதற்கு முன் 24 மணி நேர உரையாடலுக்கு இவ்வளவு என்று இருந்தது. இப்போது டெம்ப்ளேட்டின் வகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. "புது ரகம் வந்திருக்கு" என்றால் மார்க்கெட்டிங், ஒரு மெசேஜுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. "உங்கள் லோடு இன்று ஏறியது, எல்ஆர் (லாரி ரசீது) நம்பர் இது" என்றால் யூட்டிலிட்டி, அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைகூட இல்லை. இரண்டையும் கலக்கக் கூடாது. லோடு மெசேஜின் அடியில் "புது டிசைனும் பாருங்க" என்று ஒரு வரி ஒட்டினால் மெட்டா அதை மார்க்கெட்டிங் வகைக்கு மாற்றிவிடும். ஒரு வரி ஆசைக்கு ஐந்து மடங்குக்கு மேல் செலவு. பார்ட்டி பதில் அனுப்பிவிட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்கு நீங்கள் சாதாரணமாக எழுதும் பதில்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்த வசதியை நிறையப் பேர் கண்டுகொள்வதேயில்லை.

1,200 பார்ட்டிக்கு ஒரு மார்க்கெட்டிங் மெசேஜ் என்றால் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் ஆகும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, நடுவில் இருக்கும் கம்பெனியின் மாத வாடகை. வாரம் ஒருமுறை அனுப்பினாலும் பெரிய தொகை இல்லை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பதிலெல்லாம் ஒரு பேனலில் வந்து குவியும். அதன்முன் உட்கார ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ரேட் தெரிந்திருக்க வேண்டும், எந்தப் பார்ட்டிக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பையனை உட்கார வைத்தால் "சார் வந்ததும் சொல்றேங்க" என்று ஒரே பதிலை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பான். பார்ட்டி அடுத்த கடைக்குப் போன் போட்டுவிடுவார். அதனால் பதில் சொல்ல ஆள் இல்லாத கடைக்கு ஏபிஐ வேண்டாம். சேல்ஸ் ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருக்கும் இடத்தில் பதில்களைப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருப்பதால் அங்கே இது நன்றாக ஓடும்.

இன்னொன்று, புதுக் கணக்கில் எடுத்த எடுப்பில் ஆயிரம் பேருக்கு அனுப்ப முடியாது. ஒரு நாளைக்கு 250 பேர் என்று தொடங்கி, நல்ல பேர் எடுக்க எடுக்க வரம்பு ஏறும். நிறையப் பேர் பிளாக் செய்தால் தரக் குறியீடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இறங்கும். ஒருவருக்கு எத்தனை மார்க்கெட்டிங் மெசேஜ் போகலாம் என்பதற்கும் மெட்டா ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அது எல்லாக் கம்பெனிகளின் மெசேஜையும் சேர்த்துப் பார்க்கிற வரம்பு. தீபாவளி சமயத்தில் நகைக்கடையும் துணிக்கடையும் உங்கள் பார்ட்டியின் போனை நிரப்பிவிட்டால் உங்களுடையது போகாமலே நிற்கலாம். காசு பிடிக்க மாட்டார்கள், சேதியும் சேராது.

எஸ்எம்எஸ்: கிழவன்தான், ஆனால் வீட்டுக்கு வந்துவிடுவான்

நெட் இல்லாத இடத்திலும், பட்டன் போனிலும் போய்ச் சேர்வது எஸ்எம்எஸ்தான். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் நிற்கிறவருக்கும் சேரும். ஒரு எஸ்எம்எஸ் 20 காசு சுற்றுவட்டத்தில் முடியும். ஆனால் உள்ளே நுழைவதற்குள் நாக்கு தள்ளிவிடும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, அனுப்புகிற வியாபாரி டிஎல்டி என்ற தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் என்று ஒவ்வொரு தொலைபேசிக் கம்பெனிக்கும் தளம் உண்டு, ஒன்றில் பதிந்தால் போதும். ஜிஎஸ்டி சான்று, பான், அதிகாரக் கடிதம் கேட்பார்கள். அப்புறம் ஆறு எழுத்தில் அனுப்புநர் பெயர், அப்புறம் ஒவ்வொரு வாசகத்துக்கும் டெம்ப்ளேட் ஒப்புதல். பெயர், தொகை, தேதி போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்டு மற்றதெல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும். "செலுத்தவும்" என்று பதிந்துவிட்டு "கட்டவும்" என்று அனுப்பினால் மெசேஜ் வழியிலேயே நின்றுவிடும். 2024 அக்டோபர் முதல், முன்பே பதியாத இணைய இணைப்பு எதுவும் போகாது. விலைப்பட்டியலை எங்கேயோ ஏற்றி லிங்க் அனுப்பலாம் என்ற திட்டம் அதோடு சரி. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து, உங்கள் மெசேஜ் எந்த ஏஜென்ட் வழியாகப் போகிறது என்ற சங்கிலியையும் தளத்தில் காட்டியிருக்க வேண்டும். எஸ்எம்எஸ் ஏஜென்ட்டை மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, மெசேஜ் ஏன் போகவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

தமிழில் அனுப்பினால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 இடம், தமிழில் 70 இடம்தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். "கோயம்புத்தூர்" நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 13. "தங்கள் பாக்கி ரூ.38,400. 15ஆம் தேதிக்குள் செலுத்தவும்." என்ற இந்தச் சின்ன வாசகமே 54 இடம் தின்றுவிடுகிறது. மீதி 16 இடத்தில் கடைப் பெயர் அடங்காவிட்டால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. இதனால்தான் நம்மூர்க் கடைகளின் பாக்கி மெசேஜ் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது. ஆனாலும் நான் தமிழுக்கே காசு கொடுப்பேன். பணம் கேட்கும் மெசேஜ் புரியாமல் போனால் மிச்சம் பிடித்த 20 காசுக்கு என்ன பிரயோஜனம்?

இதில் பதில் வராது. ஆறு எழுத்துப் பெயருக்கு யாரும் திருப்பி எழுத முடியாது. ஆகவே ரேட்டுக்கு இது ஆகாது. விளம்பர எஸ்எம்எஸ் என்றால் 1909 என்ற எண்ணில் பதிந்து வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் போகாது. பாக்கி, பில், லோடு போன்ற சேவைத் தகவல்களுக்கு அந்தத் தடை இல்லை. பணமும் லாரியும் சம்பந்தப்பட்டதற்கு எஸ்எம்எஸ், மற்றதற்கு வேண்டாம் என்பது என் கட்சி.

மெயிலும் குரலும்

உள்ளூர்க் கடைக்காரர் மெயில் பார்ப்பார் என்று நம்பி எதையும் அனுப்பாதீர்கள். அவருடைய ஆடிட்டர் பார்ப்பார், அதனால் கணக்கு ஸ்டேட்மென்ட்டை மெயிலில் அனுப்பலாம். கதையே மாறுவது திருப்பூர், கரூர் ஏற்றுமதியில். வெளிநாட்டு பையர் மெயிலில்தான் பேசுவார். அங்கே கவனிக்க வேண்டியது, சாதாரண ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 மெயில்தான் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களைக் கெடுபிடி செய்கின்றன. நாளுக்கு 5,000-க்கு மேல் என்றால் மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற அமைப்புகள் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், ஒரே அழுத்தலில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. உங்கள் அளவு அதைவிடச் சிறிதானாலும் அந்த மூன்றையும் வெப்சைட் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

பதிவு செய்த குரல் அழைப்பு, படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் போக வேண்டும், அதைப் பார்த்ததும் பாதிப் பேர் கட் செய்துவிடுகிறார்கள். ஆர்சிஎஸ் என்று எஸ்எம்எஸ்ஸின் புது வடிவம் ஒன்றை ஏஜென்ட்கள் விற்கிறார்கள். படம், பொத்தான் எல்லாம் வரும். எல்லாப் பார்ட்டி போனிலும் அது ஓடும் என்று நம்ப முடியாததால் நான் இப்போதைக்குத் தொடமாட்டேன்.

தொடவே கூடாதது

ஐயாயிரம் ரூபாய்க்கு "பல்க் வாட்ஸ்அப் சாஃப்ட்வேர்" என்று ஒருவர் வந்து லேப்டாப்பில் போட்டுக் காட்டுவார். கண்முன்னே நூறு மெசேஜ் பறக்கும். அது வாட்ஸ்அப் விதிக்கு மாறானது, எண்ணே முடக்கப்படலாம். இருபது வருடமாகப் பில்லிலும் போர்டிலும் அச்சடித்த எண் அது. சொந்த சிம்மிலிருந்து மொத்தமாகத் தட்டிவிடுவதும் இதே ரகம். 2024 ஆகஸ்டில் டிராய், பதியாமல் மொத்த அழைப்பு செய்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்க உத்தரவிட்டது.

யாருக்கு எது

பல்லடத்தில் கறிக்கோழி, நாமக்கல்லில் முட்டை என்று தினம் ரேட் மாறும் தொழிலில் பிராட்காஸ்ட் போதும், பார்ட்டி கூடினால் சேனலும் சேர்க்கலாம். நூல் ஏஜென்ட்டுக்கு ரேட் பிராட்காஸ்டில், பாக்கி எஸ்எம்எஸ்ஸில். இரண்டாயிரம் டீலர் வைத்திருக்கும் பம்ப், கிரைண்டர் கம்பெனிக்கு ஏபிஐ, கூடவே பில்லுக்கும் லோடுக்கும் எஸ்எம்எஸ். கரூர் ஏற்றுமதியாளருக்கு மெயில், உள்ளூர் ஜாப்வொர்க் யூனிட்டுகளுக்கு வாட்ஸ்அப்.

எதை எடுத்தாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளில் பார்ட்டி பெயருக்கு நேராக இருக்கும் எண் யாருடையது என்று பாருங்கள். பாதி இடத்தில் கணக்குப்பிள்ளை எண் இருக்கும், சில இடத்தில் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் அப்பாவின் எண் இருக்கும். பாக்கி மெசேஜ் கணக்குப்பிள்ளைக்குப் போகலாம், ரேட் முதலாளிக்குப் போக வேண்டும், லோடு மெசேஜ் குடோனில் நிற்பவருக்குப் போக வேண்டும். மூன்று கட்டம் போட்டு மூன்று எண்ணும் வாங்குங்கள். கேட்கும்போதே, "இதில் மெசேஜ் அனுப்பலாமுங்களா?" என்று சம்மதமும் வாங்கித் தேதியோடு குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பும் டிராயும் கேட்பது அந்தச் சம்மதத்தைத்தான். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அது ஆகும்.