நாகைக் கடலுக்கு ஹைகாமா, ரோம்ஸா?

கடல்நீரின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் ஹைகாமும் (HYCOM) ரோம்ஸும் (ROMS). இங்கே ஹைகாம் உலகக் கடல் முழுவதற்குமானது; ரோம்ஸ் நாம் தேர்ந்தெடுக்கும் ஒரு பகுதிக்கானது. நாகைக் கடலுக்கு எது பொருந்தும்?

நாகப்பட்டினத்து மீனவர்கள் 'நீவாடு' என்று சொல்லும் நீரோட்டம் மார்ச், ஏப்ரலில் வடக்கே பாயும். நவம்பரில் தெற்கே திரும்பும். இந்தத் திருப்பத்தை மட்டும் பார்க்க ஹைகாம் போதும். உலகக் கடலைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்ட முடிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சிக்கல் கரையோரத்தில்தான். தென்மேற்குப் பருவத்தில் சோழகக் காற்று கரையை ஒட்டி வடக்கே வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் வலப்பக்கம், அதாவது ஆழ்கடல் நோக்கி விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலேறும். இது நடப்பது குறுகலான ஒரு பட்டையில். ஹைகாமில் அது இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கி மங்கிவிடும். கோடியக்கரை முனையோ படிக்கட்டு போலத் தெரியும்!

ரோம்ஸில் 1 கிலோமீட்டர் கட்டமும் போடலாம். மேலிருந்து அடிவரை நீரைப் பிரிக்கும் அதன் அடுக்குகள் கடலடியின் மேடுபள்ளத்தோடு வளைவதால் ஆழமில்லாத பாக் நீரிணையிலும் அடுக்கு குறையாது. அப்புறம், கொள்ளிடத்து வெள்ளத்தையும் முகத்துவாரத்தில் சேர்க்கலாம். ஆனால் அடித்தரை செங்குத்தாகச் சரியும் இடத்தில் இல்லாத நீரோட்டத்தை இருப்பதாகக் காட்டும். எல்லைத் தரவுக்கும், அதாவது பகுதியின் விளிம்பில் நீர் எப்படி இருக்கிறது என்ற விவரத்துக்கும், ஹைகாம் போன்ற உலக மாதிரியிடமே கை நீட்ட வேண்டும்.

மேலெழும் நீர்தான் கேள்வி என்றால், கணினி நேரம் எவ்வளவு தின்றாலும் சரி, என் ஓட்டு ரோம்ஸுக்கே.