மின்சாரக் காரா, ஹைப்ரிடா: வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?

என் மனைவியின் தம்பிக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு. போர்ட்டிகோ சுவரில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது, பழைய ஏசிக்குப் போட்டது. எனக்கு மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட். கார் நிற்பது கீழே தூண்களுக்கு நடுவில். ஈபி மீட்டர்கள் இருப்பது எதிர்க்கோடியில். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கார் மாற்றக் கிளம்பினோம், பட்ஜெட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு மாதமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சு. சாம்பார் ஊற்ற வருபவர் வரைக்கும் இதில் ஒரு கருத்து வைத்திருக்கிறார்.

கேட்டவரைக்கும் ஒன்று கவனித்தேன். மின்சாரக் காரைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் சொந்த வாசல் உள்ளவர்கள். ஹைப்ரிட்தான் புத்திசாலித்தனம் என்பவர்கள் ஃபிளாட்வாசிகள், இல்லையென்றால் மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போகிறவர்கள். ‘இரண்டும் வேண்டாம், பெட்ரோலே போதும்’ என்பவர்களிடம் எப்படியும் மூன்று வருஷத்துக்குள் வாங்கிய கார் ஒன்று இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவதுதான் ஹைப்ரிட். ஆனால் ஷோரூமில் ஹைப்ரிட் என்று சொல்வதெல்லாம் ஹைப்ரிட் இல்லை. 2015இல் மாருதி சியாஸில் வந்ததே, அது மைல்டு ஹைப்ரிட். மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை நகர்த்தாது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி இவற்றின் மேல்விலை மாடல்களில் இருப்பது ஸ்ட்ராங் ஹைப்ரிட். சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடும், ஊர்ந்து போகும்போது பேட்டரியில் ஓடும், பிரேக் அழுத்தினால் அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். பிளக் கிடையாது. கிராண்ட் விட்டாராவில் இருக்கும் பேட்டரி ஒரு யூனிட்கூடத் தாங்காது. நெக்ஸான் மின்சாரக் காரின் பெரிய பேட்டரி 45 யூனிட். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்பதே கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, செலவுக்கு வருவோம். மச்சினன் முதலில் பயந்தது ஈபி பில்லுக்கு. “மாமா, ஐநூறு யூனிட் தாண்டினா கதை வேற” என்றான். சரியான பயம். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு. 500ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்குச் சுமார் 320 யூனிட். ஆக 720. 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, 1,200க்குள் வந்த பில் 4,100ஐத் தொடுகிறது. காருக்கு மட்டும் 2,900 ரூபாய். அதே 2,000 கிலோமீட்டரை லிட்டருக்கு 20 கொடுக்கும் ஹைப்ரிடில் ஓட்டினால் 100 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் பத்தாயிரம். அட்டவணை மாறியும் மின்சாரம்தான் ஜெயிக்கிறது. மச்சினன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், வீட்டில் காட்ட.

என் கணக்கு வேறு. கீழ்த்தளத்தில் சார்ஜிங் பாயின்ட் கேட்டு அசோசியேஷனில் மனு கொடுத்தேன். பொது மீட்டரில் இருந்து எடுக்கக் கூடாது, சொந்த மீட்டரில் இருந்து கேபிள் இழுத்தால் சுவரில் துளை போடக் கூடாது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி திரும்பி வந்தது. எங்களுக்கு முன்னாலேயே மின்சார ஸ்கூட்டர் வாங்கிய பையன் ஒருவன் மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தான். மழை நாளில் அதன்மேல் ஒரு பாலிதீன் பை. செயலாளர் அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்ட நாளோடு அதுவும் நின்றது. ஆக, நான் மின்சாரக் கார் வாங்கினால் வெளியே போய்த்தான் சார்ஜ் போட வேண்டும். வெளியே யூனிட் 20 ரூபாயைத் தாண்டும் இடங்களே அதிகம். 22 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு மேல் வந்துவிடுகிறது. ஹைப்ரிடுக்கு ஐந்து ரூபாய். இந்த ஒன்றரை ரூபாய் மிச்சத்துக்கு வாரா வாரம் ஒரு மணி நேரம் யாரோ ஒருவருடைய மால் பார்க்கிங்கில் உட்கார வேண்டுமா?

அதற்காக ஹைப்ரிட் கொள்ளை லாபம் என்று நினைக்க வேண்டாம். அதே காரின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடு பார்த்தால் இரண்டரை, மூன்று லட்சம் கூடுதல். நகரத்தில் ஒன்று 11 தந்தால் மற்றது 20 தரும். கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் மிச்சம். மூன்று லட்சத்தை மீட்க 75,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருஷத்துக்குப் பத்தாயிரம் ஓட்டுகிறவருக்கு ஏழரை வருஷம். நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவருக்கு இன்னும் இழுக்கும், ஏனென்றால் ஒரே வேகத்தில் போகும்போது ஹைப்ரிடின் வித்தை பாதி மங்கிவிடும். விளம்பரத்தில் லிட்டருக்கு 27.97, 23.24 கிலோமீட்டர் என்று போடுவதெல்லாம் சோதனைக்கூடத்து எண்கள். போதாததற்கு பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பிறகு மைலேஜ் குறைந்தது என்ற புலம்பல் ஹைப்ரிட்காரர்களிடமும் கேட்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு என்பதால் அதில் நியாயமும் உண்டு.

வரிதான் இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் வெட்டியது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு 2025 செப்டம்பர் 21 வரை செஸ்ஸோடு சேர்த்து 43, இப்போது 40. சின்ன ஹைப்ரிடுக்கு 18 என்று ஒரு படி இருக்கிறது. ஆனால் 1,200 சிசிக்குள், நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன நாலில் ஒன்றுகூட அதில் அடங்காது. அப்புறம் சாலை வரி. தமிழ்நாட்டில் பத்து முதல் இருபது லட்சம் வரையான காருக்கு 2023 நவம்பரிலிருந்து 18 சதவீதம். 18 லட்ச ரூபாய் ஹைப்ரிடுக்கு மூன்றேகால் லட்சம் அங்கேயே போய்விடுகிறது. மின்சாரக் காருக்கு இந்த வரியைத் தள்ளுபடி செய்து, கெடு முடியும்போது நீட்டித்தும் இருக்கிறார்கள். புக் செய்யுமுன் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கும் பதிவு வரியை எடுத்தார்கள். இங்கே அப்படி இல்லை. இரண்டையும் வைத்து ‘எது மலிவு’ என்று அடித்துக்கொள்ளும் நண்பர்கள் இந்த ஒரு வரியை மறந்துவிடுகிறார்கள்.

இனி ஊருக்குப் போகும் கதை. மதுரை எனக்கு 460 கிலோமீட்டர். ஒரு சார்ஜில் 489 கிலோமீட்டர் ஓடும் என்று எழுதிய காரை வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஏசி போட்டு ஓட்டினால் 300, 330 என்கிறார்கள். வழியில் ஒரு தடவை நிறுத்தியாக வேண்டும். சாதாரண நாளில் இது ஒரு விஷயமே இல்லை. சாப்பிட எப்படியும் இறங்குவோம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி அப்படியில்லை. போன வருஷம் நண்பர் ஒருவர் காரில் கூடப் போனேன். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் வளாகம். இரண்டு சார்ஜிங் கன், ஒன்றில் சிவப்பு விளக்கு. மற்றதில் ஒரு கால் டாக்ஸி 41 சதவீதத்தில் நின்றது, ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டி. ‘சார்ஜ் ஏறினவுடனே எழுப்புங்கண்ணே’ என்று டாக்ஸிக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். இரண்டரை மணி நேரம் போனது. நண்பரின் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வருஷத்தில் மீதி முன்னூற்றுச் சொச்சம் நாளும் அந்தக் காரை அந்த அம்மாதான் ஓட்டுகிறார். விற்கலாமா என்று கேட்டால் அடிக்க வருகிறார், அதையும் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் பயம் சென்னைக்காரர்களுக்கே உரியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிடுகிறோம். ‘தண்ணியில் கரண்டு வண்டியா?’ என்று மாமனார் கேட்டார். ஐபி67 தர பேட்டரி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் போனால் அந்த நிமிடமே கதை முடிந்தது. ஆனால் ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தால் எதுவுமே தப்பாது. ஹைப்ரிடில் எஞ்சினும் உண்டு, பேட்டரியும் உண்டு, இரண்டு பயத்தையும் சேர்த்துப் படலாம்.

பேட்டரி ஆயுள் பற்றிய பயம் பழசாகிவிட்டது என்பேன். இரண்டு வகையிலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி வழக்கமாகிவிட்டது. ரீசேலில்தான் மின்சாரக் கார் இன்னும் அடி வாங்குகிறது.

புகை? ‘நிலக்கரி மின்சாரம்தானே’ என்ற வாதத்தைக் கணக்காகவே பார்க்கலாம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு. யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 117 கிராம். லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ, இருபது கிலோமீட்டர் என்றால் 115. பேட்டரி, பெட்ரோல் தயாரிப்பில் ஆவதை இதில் சேர்க்கவில்லை. இன்றைக்கு இரண்டும் தோளோடு தோள். ஆனால் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட மின்சாரக் காரின் எண் தானாகக் குறையும், பெட்ரோலின் எண் குறையாது. மச்சினன் மொட்டை மாடியில் சோலார் போடுவதாக வேறு சொல்கிறான்.

அவன் மின்சாரக் காரை புக் செய்துவிட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எனக்கு இன்றைய நிலையில் ஹைப்ரிடுதான், மனசில்லா மனசோடு. முன்பணம் மட்டும் இன்னும் கட்டவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். தண்ணி லாரிக் கட்டணம், லிஃப்ட் ஏஎம்சி, மொட்டை மாடிப் பூனைகள், அப்புறம் நாலாவதாக ‘சார்ஜிங் பாயின்ட்’. போன கூட்டம் பூனையிலேயே முடிந்துவிட்டது.